மைனஸ் எண்பதில் கங்கப்பன்

மதியம் இரண்டு மணிக்கு ஜெயப்ரியா வந்து சேர்ந்தபோது, சானமாவுக் காட்டின் மேல் மழை இருட்டிக்கொண்டிருந்தது. ஓசூர் ஓரத்தில், மூடிப்போன கிரானைட் பட்டறை ஒன்றைத்தான் நரம்பியல் ஆய்வகமாக மாற்றியிருந்தாள். உள்ளே மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீஸரின் உறுமல். ஈரக் கல்தூள் வாசனை.

ஃப்ரீஸருக்குள் கங்கப்பனின் மூளை இருந்தது. குவாரித் தொழிலாளி. கைகால்களைத் தானாக உதறவைக்கும் பரம்பரை நோயில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். மரபணுவின் உத்தரவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.வில்தான் கோளாறு. மகள் தர்ஷினிக்கும் அது வரலாம் என்பதால், மருந்து தேடுவதற்காக மனைவி வெங்கடம்மாவே மூளையைக் கொடுத்திருந்தாள்.

"மேடம், இந்த ரிசல்ட்டப் பாருங்க." உதவியாளன் ஆனந்தராஜின் குரல் தாழ்ந்திருந்தது. "போன மாசத்த விட ஆர்.என்.ஏ. ஏறியிருக்குது."

உறைந்த மூளையில் அது குறையலாம். ஏற வழியே இல்லை.

"உயிரோட இருந்தாத்தான மேடம் ஏறும்?"

ஜெயப்ரியா கையுறையை மாட்டினாள். மூளையை எடுத்து வைத்துக் கத்தியை இறக்கினாள்.

பின்னால் ஆனந்தராஜ் அலறினான்.

அவனுடைய வலது கை தானாக எழுந்து அவன் முகத்திலேயே அறைந்தது. மறுபடியும். மறுபடியும். மூக்கு உடைந்து ரத்தம் வெள்ளைக் கோட்டில் தெறித்தது. ஃப்ரீஸர் கதவின் முனையில் கண்ணோடு சேர்த்து நெற்றியை மோதினான். எலும்பு விரிசல்விடும் சத்தம் கேட்டது. அதே கையால் அவள் கழுத்தைப் பிடித்தான்.

"அறுக்காத," என்றது அவன் வாய். குரல் அவனுடையதல்ல. "நோவுது."

கத்தி அவள் கையிலிருந்து விழுந்தது.

பிடி தளர்ந்தது.

ஆனந்தராஜ் பிழைத்தான், ஒரு கண் போய்விட்டது. பத்தாம் நாள் ஜெயப்ரியா வெங்கடம்மாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "மூளையத் திருப்பிக் குடுத்துடறேம்மா."

வெங்கடம்மா அவள் கழுத்தையே பார்த்தாள். கன்றிப்போன மூன்று விரல் தடம்.

"அந்தத் தம்பிக்கு அஞ்சு வெரலும் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு வெரலு கல்லுல மாட்டிப் போயிடுச்சுங்க."

உள்ளே பாத்திரம் உருண்டது. வாசலுக்கு வந்த தர்ஷினியின் இடது கை உதறிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயது.

வெங்கடம்மா அழவில்லை. கூரையை நிமிர்ந்து பார்த்து, யாருக்கோ கேட்கும்படி சொன்னாள்: "நோவட்டும். பெத்தவருதான? நீங்க அறுங்க மேடம்."

மறுநாள் காலை ஜெயப்ரியா கதவைத் தாழிட்டுத் தனியாக அறுத்தாள். எந்தக் கையும் அவளைத் தொடவில்லை.

ஆனால் கடைசித் துண்டு விழும்வரை, அவள் தோளுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.