வெறும் வார்கள்

"புவாலுக் இன்னிக்கு என்னமா இழுக்கிறான், கேட்டியா மச்சான்?" என்றான் மாலிக்.

சறுக்குவண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த கராலிக்குக் கால் பின்னிக்கொண்டது. வண்டியின் மேல் கரடித்தோலைப் போர்த்திக்கொண்டு, கண்களில் கறுப்புத் துணிக்கட்டோடு, பாட்டுக் கேட்கிறவனைப் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான் மாலிக். இந்தப் பயணத்தில் பனியின் வெளிச்சம் அவன் கண்களைச் சுட்டுப் பொசுக்கியதிலிருந்து காதுதான் அவனுக்கு எல்லாம். மூச்சு வாங்குவதை வைத்தே எந்த நாய் என்று சொல்லிவிடுவான். கால் பனியில் பதிகிற சத்தத்தை வைத்து எது நொண்டுகிறது, எது சும்மா வாரைத் தொங்கவிட்டு ஏமாற்றுகிறது என்றும் சொல்லிவிடுவான். அவன் சொன்னது இதுவரை தவறியதில்லை.

புவாலுக்கை நேற்றுத்தான் கராலி கொன்றிருந்தான்.

ஒரு பனிமேட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கத்தியால் முடித்தான். சுட்டிருந்தால் சத்தம் கேட்டு எத்தனை நாய் போயிற்று என்று மாலிக் எண்ணியிருப்பான். உத்தோக் என்ற கிழட்டு நாயை முதலில் கொன்றான். அதை மாலிக்கிடம் சொல்லிவிட்டான். அந்த இறைச்சி மற்ற நாய்களுக்கு ஒரு வேளைக்குக்கூடப் போதவில்லை. பனிக்கட்டி கிழித்து முன்கால் வீங்கி நொண்டிக்கொண்டிருந்த புவாலுக்தான் அடுத்தது. முன்கால்கள் இரண்டும் வெள்ளையாக, கையுறை போட்டாற்போல இருந்ததால் அதற்குக் கையுறை என்று பொருள்படும் அந்தப் பெயர். குட்டியாக இருந்தபோது மாலிக் அதைத் தன் சட்டைக்குள் போட்டுத் தூங்கவைத்தவன். "எதைவேணா அறு, என் பையனைக் கடைசியா வச்சுக்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தான். சிரிப்புக்கு அடியில் கெஞ்சல் இருந்தது.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?"

"மூச்சு வாங்குது மாப்ள. நல்லாத்தான் இழுக்கிறான்."

சொல்லிவிட்டுக் கராலி முன்னால் பார்த்தான். விசிறி விரித்தாற்போல ஒவ்வொரு நாய்க்கும் சீல் எனும் கடல்விலங்கின் தோலில் அறுத்த ஒரு நீண்ட வார் வண்டியின் முகப்பிலிருந்து பிரிந்து போயிற்று. நடுவில் தலைவன் கயோக், காய்ந்த பாசியின் பழுப்பு நிறம். இருபுறமும் எலும்பும் தோலுமாக மற்றவை. இடப்பக்கம், புவாலுக் ஓடும் இடம் காலியாக இருந்தது. காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு இருபக்கமும் ஓடிய நாய்கள் அந்த இடத்தில் நெருங்கிவரவில்லை.

மேற்குக் கரையில் கப்பல் நின்றது. கடல் உறையத் தொடங்கினால் அது கிளம்பிவிடும். பின்னால் கிழக்குக் கரையில், கல்குடிசைக்குள், மூன்று துரைமார் ஈறு அழுகிப் பல் உதிர்ந்து படுத்திருந்தார்கள். நிலப்படம் வரைய வந்தவர்கள். நாய்களை ஓட்டத் தெரிந்தவர்கள் என்பதால் கராலியையும் அவன் மனைவியின் தம்பி மாலிக்கையும் பனிமலையைக் கடந்து உதவி கேட்கக் கப்பலுக்கு அனுப்பியிருந்தார்கள். வரும் வழியில் உணவுமூட்டை ஏற்றிய இரண்டாவது வண்டி பிளவுக்குள் விழுந்து போயிற்று. வண்டி மட்டுமில்லை, அதை இழுத்த நாய்களும். அவை கீழே எங்கேயோ நெடுநேரம் குரைத்துக்கொண்டிருந்தன. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

"என் தம்பியை முழுசாக் கொண்டுவந்து சேரு" என்று அவன் மனைவி பிபியானே புறப்படும்போது சொன்னாள். கராலி அதைத்தான் நினைத்துக்கொண்டு ஓடினான்.

அன்று வண்டியை நிறுத்தி ஓய்ந்த இடத்தில் வழக்கம்போல வார்ச்சிக்கலை எடுக்க உட்கார்ந்தான். ஓடும்போது நாய்கள் ஒன்றின் வாரை ஒன்று தாண்டிக் குதித்து இடம் மாறும். அன்றன்றைக்கு ஓடி முடிக்கும்போது எல்லா வாரும் பெண்பிள்ளையின் சடைபோலப் பின்னிக் கிடக்கும். உறைந்த தோலை வாயில் வைத்து இளக்கி, கையுறையைக் கழற்றி, விரல் மரத்துப்போகும்வரை ஒவ்வொன்றாய்ப் பிரிக்க வேண்டும். உப்பும் நாய்மூத்திரமும் பழைய கொழுப்பும் கலந்த அந்த வாடை சிறுவயதிலிருந்தே அவனுக்குப் பழக்கம். விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன, பாதிவரை.

பின்னலுக்குள் இரண்டு வெறும் வார்கள் இருந்தன.

உத்தோக்கின் வாரும் புவாலுக்கின் வாரும். இரண்டையும் காலையில் அவன் சுருட்டி வண்டியின் மேல் கட்டி வைத்திருந்தான். இப்போது அவை மற்றவற்றோடு மேலும் கீழுமாக ஏறி இறங்கி, இறுக்கமாக, ஒழுங்காகப் பின்னியிருந்தன. கட்டு அவிழ்ந்து விழுந்து பனியில் இழுபட்ட வார் இப்படிப் பின்னாது. தாண்டிக் குதிக்க ஒரு நாய் வேண்டும்.

"என்ன, ரொம்பச் சிக்கலா?" மாலிக் கேட்டான்.

"வழக்கம்போலத்தான்."

கத்தியை எடுத்து இரண்டையும் அறுத்துப் பனிக்குள் புதைத்தான். மிதித்து மூடினான்.

மறுநாள் ஒரு பெட்டை நாயைக் கொன்றான். அதற்கும் மறுநாள் ஒன்றை. மாலிக்கிடம் எதையும் சொல்லவில்லை. பெமிக்கன் என்ற உலர்ந்த இறைச்சியின் டப்பாவில் மிச்சம் இருந்ததென்று சொல்லி இறைச்சியைத் துருவிக் கொடுத்தான். நாய்கள் குறையக் குறைய வண்டி நத்தையாக ஊர்ந்திருக்க வேண்டும், அவனும் வாரைத் தோளில் போட்டு இழுத்திருக்க வேண்டும். ஆனால் வண்டி வேகமெடுத்தது. சமநிலத்தில், சர்க்கரைபோல உதிரிப்பனியில், சறுக்குக்கட்டைகள் கிறீச்சிட்டு அழ வேண்டிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூடுபனி இறங்கி வானமும் தரையும் ஒன்றாகிவிட்டன. எங்கே பார்த்தாலும் ஒரே பால்வெளுப்பு. நிழல் என்பதே கிடையாது. அந்த வெளுப்புக்குள் உயிரோடிருந்த நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு ஓடின. இழுக்கிற நாய் முன்னால் பார்க்கும். பயந்த நாய்தான் பக்கத்தில் பார்க்கும்.

"அட, கிழவன் இருமுற மாதிரி கேட்குது மச்சான்" என்று மாலிக் சிரித்தான். "உத்தோக்கை அறுத்தேன்னு சொன்னது பொய்தானே? மனசு வரலை உனக்கு. எங்கக்கா சொல்லும், உனக்குக் கையிலதான் கத்தி, நெஞ்சில வெண்ணெய்னு."

கராலி பின்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"இன்னும் நல்லதுதான் போ. எல்லாப் பயலுகளும் இருக்கானுங்க. கப்பலுக்குப் போனதும் ஆளுக்கொரு சீல் போட்டு வயித்தை நிறைச்சு விடணும்."

காற்று அடித்து உறைந்த பனிவரிகளை வைத்துத்தான் கராலி திசை பார்த்தான். மேற்கே போகிறவன் அவற்றைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். கால் ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்க வேண்டும். இப்போது கால் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வண்டி வரிகளோடு ஒட்டி நழுவிக்கொண்டிருந்தது. வடக்கே. கடலே இல்லாத, மனிதனே இல்லாத, பனியின் நடுவயிற்றுக்கு.

"இலி! இலி!" என்று கத்தினான். கயோக் காதை மடித்து அந்தக் கட்டளைப்படி இடப்பக்கம் திரும்ப முயன்றது, திரும்ப முடியவில்லை. பழுப்பு நாயின் நான்கு கால்களும் பனியில் ஊன்றிச் சறுக்கின. அது இழுக்கவில்லை. ஏதோ அதை இழுத்துக்கொண்டு போயிற்று. பின்கட்டையில் தொங்கிக் குதிகாலை ஊன்றினான் கராலி. பனி இரண்டு கோடாகப் பிளந்தது. வண்டி நிற்கவில்லை.

அன்று ஒரு நாய் ஓடிக்கொண்டே செத்தது. அடுத்தடுத்து மற்றவையும். அவன் கத்தியை எடுக்க வேண்டியிருக்கவே இல்லை. செத்தவை வண்டிக்கு அடியில் சிக்கி, உருண்டு, பின்னால் வெளுப்புக்குள் மறைந்தன. அவற்றின் வார்கள் மட்டும் விழவில்லை.

கராலி பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். முகப்பிலிருந்து முன்னால் நீண்டு, விறைத்து, அதிர்ந்துகொண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் நாயின் மார்பில் பூட்டும் வெறும் பட்டை. உள்ளே எதுவோ நிரம்பி உப்பிய பட்டை. அறுத்துப் புதைத்த வார்களும் அவற்றில் இருந்தன. வெட்டுப்பட்ட நுனி, அவன் கத்தியின் வெட்டு, நன்றாகத் தெரிந்தது.

நடுவில் கயோக் மட்டும். தனியாக. உயிரோடு.

அவன் வண்டிமேல் ஏறித் தவழ்ந்து முன்னால் போனான். கயோக்கின் வாரை அறுத்துவிட்டான். போடா, ஓடிப் பிழை. நாய் தடுமாறி நின்றது, அவனைப் பார்த்தது. வண்டி அதைக் கடந்து போயிற்று. வெளுப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு ஊளை. பிறகு அதுவும் பாதியில் நின்றது.

சற்று நேரத்தில் நடுவாரும் விறைத்தது.

"மச்சான்," என்றான் மாலிக். "பாவம், நிறுத்து. ரொம்ப நேரமா ஓடுறானுங்க."

"நிறுத்த முடியல மாப்ள."

"முனகுறது கேட்கல உனக்கு? பசியில முனகுறானுங்க. கடைசியா எப்போ தீனி போட்ட?"

கராலியின் உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. "மாப்ள, நாய் எதுவும் இல்ல."

"என்னது?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் கொன்னுட்டேன். புவாலுக்கையும். ஆரம்பத்துலயே. நீ தின்னது அதைத்தான்."

சறுக்குக்கட்டைகளின் சரசரப்பு மட்டும். பிறகு மாலிக் மெதுவாகச் சிரித்தான். பைத்தியத்துக்கு ஆறுதல் சொல்கிறவனின் சிரிப்பு.

"உனக்குக் குளிர் தலைக்கு ஏறிடுச்சு மச்சான். படு கொஞ்சம். பனி எனக்குக் கண்ணை எடுத்துச்சு, உனக்குப் புத்தியை எடுத்துருச்சு. நாய் இல்லாம வண்டி தானா ஓடுதா?"

அப்போது வண்டி நின்றது.

தானாக. ஓய்வெடுக்க நேரமாகிவிட்டது என்பதுபோல. வார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து பனியில் படிந்தன. காற்றில்லை. சத்தமில்லை. கராலி தன் நெஞ்சு அடிப்பதைக் கேட்டான். அதற்கு அப்பால் வேறொன்றையும் கேட்டான்.

மூச்சு. பல மூச்சு.

வண்டியைச் சுற்றிப் பனி அழுந்தியது. இங்கே ஒரு குழி. அங்கே ஒன்று. நாய் உட்கார்ந்தால் விழும் பள்ளம். ஒவ்வொன்றின் மேலும் லேசான ஆவி. வட்டமாக. வண்டியை இழுத்தவற்றின் கணக்கைவிட அதிகமாக. பின்வரிசையில் இன்னும், இன்னும். பிளவுக்குள் விழுந்தவை. வட்டம் முழுக்க ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் உணர்ந்தான். ஓடி முடித்த நாய்கள் ஓட்டியைப் பார்த்து உட்காரும். வேலை முடிந்தது. தீனி எங்கே?

அவன் சாட்டையை உயர்த்தினான். சாட்டை உயர்ந்திருக்கும்வரை தீனியில் வாய்வைக்காத நாய்கள் அவை, அவன் பழக்கியவை. ஆவி அசையவில்லை. பள்ளங்கள் அசையவில்லை. எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?

"மாப்ள. அசையாத. கையை உள்ள வச்சுக்க."

"புவாலுக்?" என்றான் மாலிக். அவன் முகம் மலர்ந்திருந்தது. "வாடா. வந்துட்டியா?"

"மாலிக்!"

"சும்மா இரு மச்சான். என் பையன் இது." பல்லால் கடித்துக் கையுறையை உருவித் துப்பினான். வெள்ளையாய் மரத்துப்போன கையை வண்டியின் ஓரத்தில் தொங்கவிட்டான். "வாடா தங்கம். வாங்கடா எல்லாரும்."

உயர்த்திப் பிடித்த சாட்டை கராலியின் கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.

பள்ளங்கள் கிட்டே வந்தன.

"பாத்தியா, நக்குறான்" என்றான் மாலிக், கண்கட்டோடு சிரித்துக்கொண்டே. "மெதுவாடா. மெதுவா. தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் உண்டு."

அவன் விரல்களுக்குக் கீழே பனி சிவந்துகொண்டிருந்தது. பிறகு விரல்கள் இல்லை. பிறகு மணிக்கட்டு. மரத்துப்போன கை, அவனுக்கு வலி எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, கொஞ்சி, அவன் இன்னும் சற்று முன்னால் சாய்ந்து, அடுத்த கையின் உறையையும் பல்லால் உருவத் தொடங்கினான்.