நூல் கட்டாத கல்

"இன்னாம்மா... கைய எடு. பெட்டி என்னுது."

"பெட்டி உன்னுதாவே இருக்கட்டும் நைனா. உள்ள கீற கல்லு என்னுது."

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் வாசலில், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் இந்தச் சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் அன்புக்கரசி. மறுபக்கம் ஒரு மொபெட், அதன் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி, தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்த ஒருவன்.

அரசி என்று எல்லோரும் கூப்பிடும் அன்புக்கரசிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியமான வேலை நாள். பிள்ளைகளிடம் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், பங்களாவை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போகிறவர்கள் என்று கோபாலபுரத்திலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாரத்துக்கு ஒரு வீடாவது காலியாகும். பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் காலையிலேயே போய் நிற்பார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த பொருளில் அவரவர் நூலைக் கட்டிவிட வேண்டும். ஒற்றை முடிச்சு என்றால் இன்னும் யோசனை. இரட்டை முடிச்சு என்றால் பேசி முடித்தாயிற்று, வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

அரசியின் நூல் பச்சை. வந்ததும் வராததுமாக அவள் இரட்டை முடிச்சுப் போட்டது ஒரு டேபிள்டாப் கிரைண்டரில். பணத்தைக் கொடுத்த பிறகுதான் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கல் இல்லை. அரைக்கிற இரண்டு கல்லுமே இல்லை.

வீட்டுக்காரர் சுப்பராமன் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து தலையில் கை வைத்தார். "ஆத்துக்காரி அலம்பி, பேப்பர்ல சுத்தி, கீழ விழாம இருக்கட்டும்னு புஸ்தகப் பெட்டியில வெச்சாளாம். அந்தப் பெட்டி இப்பத்தானேம்மா வெளியில போறது!"

அப்படித்தான் அவள் மழையில் ஓடி வந்து மொபெட்டைப் பிடித்தாள்.

"நூல் எங்க?" என்றான் அவன்.

"இன்னாது?"

"கிரைண்டர்ல பச்சை நூல் கீது, பாத்தேன். இந்தப் பெட்டியில கீதா? இல்ல. நூல் கட்டாதது உன்னுது இல்ல. நம்ம தொழில் சட்டம் தெரியும்ல?"

சட்டம் சரிதான். அதுதான் எரிச்சலாக இருந்தது. பதிலுக்கு எதையாவது சொல்ல நிமிர்ந்தவள், சொல்ல வந்ததை மறந்தாள். அவன் இமைகளில் மழைத்துளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கண்கள்... சண்டை போடுகிறவனின் கண்கள் இப்படிச் சிரிக்கலாமா?

"தொற பெட்டிய. காசு தர்றேன்" என்றாள், குரலை உயர்த்தி.

"மழையில தொறந்தா புக்கு எல்லாம் கூழாயிடும். லஸ்ஸாண்ட பிளாட்பாரத்துல நம்ம கடை. பாரத்துனு கேளு, யாருன்னாலும் காட்டுவாங்க." மொபெட் இருமிக்கொண்டே கிளம்பியது. பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தான். "குடை கீதா உங்கிட்ட?"

இருக்கிறது என்று தலையாட்டினாள். குடை அவள் கையிலேயே இருந்தது. விரிக்க மறந்திருந்தாள்.

*

கிரைண்டரை எட்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா முனியம்மாள் ஒரு புதுத் துண்டை விரித்து வைத்திருந்தாள், அதன்மேல் வைக்க.

அடையாற்றங்கரையில் இருந்தவரை முனியம்மாளின் இட்லிக் கடைக்குக் காலை ஆறு மணிக்கே ஆள் நிற்கும். கரையோர வீடுகளை எடுத்துவிட்டு இங்கே பெரும்பாக்கத்தில் குடியமர்த்திய நாளிலிருந்து கடை இல்லை. மெல்ல மெல்ல அவள் பேச்சும் குறைந்துபோனது. நான்கு வருடம் கழித்து இந்த மாதம்தான், விஜயதசமியன்று பிளாக்குக்குக் கீழே ஒரு மேஜை போடலாமா என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள். 'நீ போடும்மா, கிரைண்டர் என் பொறுப்பு' என்று சொன்னவள் அரசி.

"கல்லு எங்கடி?"

"வருதும்மா. ரெண்டு நாள்ல."

முனியம்மாள் துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை லஸ்ஸில் பாரத்தின் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பிளாட்பாரத்தில் விரித்த பழைய புத்தகங்கள், மேலே நீலத் தார்ப்பாய், நடுவில் அவன்.

"வாங்க கிரைண்டர்" என்றான்.

"எம்பேரு அரசி."

"வாங்க அரசி." காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். பிரித்தாள். கூம்பு வடிவில் கல். ஒன்றுதான்.

"இன்னொண்ணு?"

"அது... வூட்ல மாட்டிக்கிச்சு. நொச்சிக்குப்பத்துல. நாளைக்குக் கொண்டாறேன்."

"எவ்ளோ வேணும், சொல்லு."

"காசா? வாணாம்."

இந்தத் தொழிலில் உடைந்த வாளியைக்கூட யாரும் சும்மா கொடுத்து அரசி பார்த்ததில்லை. விலை சொல்கிறவனிடம் பேரம் பேசலாம். வேண்டாம் என்கிறவனிடம் என்ன பேசுவது?

"யாருக்கு விக்கப்போற கிரைண்டர?" என்று கேட்டான்.

"மேற்கு மாம்பலத்துல ஒரு பார்ட்டி" என்றாள் பட்டென்று. சொந்த வீட்டுக்கு என்றால் ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவளுக்கு ஆகாது.

"பெரிய பார்ட்டியா?"

"உனக்கின்னாத்துக்கு? நாளைக்கு வருவேன். கல்லு இருக்கணும்."

"நீ வா. நான் இருப்பேன்."

கல்லைப் பற்றிக் கேட்டால் தன்னைப் பற்றிச் சொல்கிறானே என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சோழிங்கநல்லூர் வரை அந்த ஒரு வரியையே திருப்பித் திருப்பி யோசித்தாள். வியாபாரியா, விளையாட்டுக்காரனா... விலை ஏற்றப் பார்க்கிறானா? ஏற்றுகிறவன் ஏன் ஒன்றைச் சும்மா கொடுத்தான்? ஒன்றுமே விளங்கவில்லை.

புதன்கிழமை போனாள். "மறந்துட்டேன்" என்றான். மறந்தவனின் முகம் அப்படி மலர்ந்திருக்காது. திட்டினாள். திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துத் தொலைத்தாள். டீ குடிக்கும் நேரத்தில் அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது, அம்மா மீன் விற்பது, புத்தகங்களை விற்பதற்கு முன் படித்துவிடுவதால் பாதி விற்காமலே தங்கிவிடுவது எல்லாம் தெரிந்தது. எதற்குத் தெரிந்துகொண்டாள்? தெரியவில்லை.

வியாழக்கிழமை வேலை ஒன்றும் இல்லாமல் அடையாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி, மந்தைவெளி வழியாக, மயிலாப்பூர் வரை நடந்தாள். குளத்தங்கரையில் மிச்சமிருந்த கொலு பொம்மைகளைக் குறைந்த விலைக்கு வாங்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தோடு நின்று ஒரு செட்டியார் பொம்மையை விலை கேட்டாள். வாங்கவில்லை. லஸ் பக்கம் போகவும் இல்லை. நமக்கு என்ன ஆயிற்று என்று தன்னையே கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

*

வெள்ளிக்கிழமை காற்றும் மழையுமாக இருந்தது. மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு மறுநாள் கடை.

பாரத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். எதிர் முனை படபடவென்று அடித்துத் தூக்கியது. உதவியாக அரசியே குனிந்து அதைப் பிடித்தாள். முனையை அழுத்திக்கொண்டிருந்த பாரம் உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது.

கூம்பு வடிவில் கல். சேறு பூசி, நனைந்து.

"வூட்ல மாட்டிக்கிச்சுன்னியே..."

பாரத்தின் கையிலிருந்த கயிறு நழுவியது. "அரசி, நான் சொல்றத..."

"இத்தன நாளும் இங்கயே கீது. நான் தெனம் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கினு கீறேன், நீ வேடிக்க பாத்துக்கினு கீற. மாம்பலத்துல எந்தப் பார்ட்டியும் இல்ல. அது எங்கம்மாவுக்கு! நாலு வருசமா சும்மா ஒக்காந்துகினு கீற எங்கம்மாவுக்கு! பெரும்பாக்கம் நூத்திப் பதினாலாவது பிளாக்கு, எட்டாவது மாடி, ஒத்த ஆளா தூக்கினு போனேன் அந்த கிரைண்டர. அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க கடை போடறேன்னு. இப்ப நான் போயி இன்னா சொல்லுவேன்?"

அவன் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. குனிந்து கல்லை எடுத்தான். சட்டையிலேயே சேற்றைத் துடைத்தான். இரண்டு கையாலும் நீட்டினான். "எடுத்துக்க."

கை நீட்டினால் போதும், வந்த காரியம் முடிந்துவிடும். அரசியின் கை நீளவில்லை.

"நூல் கட்டல இல்ல? உன் சட்டப்படி உன்னுது. நீயே வச்சுக்க."

திரும்பி நடந்தாள். பின்னால் அவன் கூப்பிட்டது மழையில் கேட்டது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மாவுக்காக இத்தனை நாள் அலைந்தவள், அம்மாவுக்கான கல்லைக் கையில் கொடுத்தும் வாங்காமல் வந்திருக்கிறாள். இது என்ன ரோஷம்? யாரிடம்? ஏமாற்றியதற்குக் கோபமா... இல்லை, அந்தக் கண்கள் பொய் சொல்லிவிட்டனவே என்று கோபமா? ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. முகத்திலும் வழிந்தது.

*

ஆயுத பூஜையன்று முனியம்மாள் வீட்டிலிருந்த அரிவாள்மனை, கத்தரிக்கோல், இட்லிக் கொப்பரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கடைசியாகக் கிரைண்டருக்கு. ஒரு கல்லோடு நின்ற கிரைண்டருக்கும் குறை வைக்காமல் மூன்று பொட்டு.

"அம்மா... கல்லு கெடைக்கல."

"தெரியுது."

"அரிசி ஏம்மா ஊற வச்ச?"

"நீ சொன்னியேடி வருதுன்னு" என்றாள் முனியம்மாள். கோபமே இல்லாமல் அவள் சொன்னதை அரசியால் தாங்க முடியவில்லை. இரண்டு அண்டா நிறைய அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. 'லஸ்ஸுக்கு ஓடு, காலில் விழுந்தாவது வாங்கு' என்று உள்ளே ஒரு குரல். செருப்பை மாட்டினாள்.

கதவைத் திறந்தால் பாரத் நின்றான்.

மூச்சு வாங்கியது. வெள்ளைச் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. "லிஃப்ட்டாண்ட ஒரே க்யூ. ஏறியே வந்துட்டேன்" என்று யாரும் கேட்காததற்குப் பதில் சொன்னான். கையில் கல். கல்லின் மேல் சந்தனமும் குங்குமமும்.

முனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "யார்ரா நைனா நீ?"

"கல்லு குடுக்க வந்தேம்மா. லேட்டாயிடுச்சு. தப்பு என்னுது."

முனியம்மாள் கல்லை வாங்கினாள். பொட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், செருப்பு மாட்டி நின்ற மகளைப் பார்த்தாள். "பொட்டோடயே வந்துகீது" என்றபடி கல்லைக் கழுவ உள்ளே போய்விட்டாள்.

நடைவழியில் இருவர் மட்டும்.

"கல்லுக்கு ஏன் பொட்டு?" என்று கேட்டாள் அரசி. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"காலைல கடையில பூஜை. என் தொழிலுக்கு அதுவும் ஆயுதம்தான? அது இல்லைன்னா தார்ப்பாய் பறந்துரும்."

"இனிமே இன்னா வைப்ப?"

"செங்கல்லு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஏன் பொய் சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டையும் குடுத்துட்டா... நீ அப்புறம் வரமாட்டல்ல. அம்மாவுக்குனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன், சத்தியமா."

"நீ கேட்டியா?"

"கேட்டனே! மேற்கு மாம்பலம் பார்ட்டின்ன."

உள்ளே கிரைண்டர் முதலில் கடகடவென்று தடுமாறியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. முனியம்மாள் தண்ணீர் தெளிக்கும் சத்தம். அதோடு... பாட்டா அது? அம்மா முணுமுணுத்து எத்தனை நாளாயிற்று!

"அரசி" என்றான் பாரத். "உனக்கு நான் யாருன்னு எனக்குத் தெரியல. எனக்கு நீ யாருன்னு அந்த மழையிலயே தெரிஞ்சுபோச்சு. நூல் கட்டாததக் கேக்க முடியாதுன்னு சட்டம் பேசினது நான்தான். நானும்... நூல் கட்டாமத்தான் நிக்கறேன்."

அவள் இடுப்புப் பையைத் திறந்தாள். பச்சை நூற்கண்டு விரலில் சிக்கியது. எதற்கு எடுக்கிறோம் என்று நினைத்தாள், எடுத்துவிட்டாள். அவன் கையை நீட்டினான், உடனே பதறி இழுத்துக்கொண்டான்.

"அய்யோ, கையில வாணாம்! ராக்கி ஆயிடும்!"

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானில் நூலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

"ஒத்த முடிச்சா?"

"யோசனையில கீறேன். எனக்கு எதுவுமே புரியல பாரத்து."

"சரி... யோசி." முகம் வாடாமல் சொல்லத்தான் பார்த்தான். படி இறங்கினான். ஒரு திருப்பம், இரண்டாவது திருப்பம்... செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"அரசி! வந்து பாரேன், மாவு எப்பிடி வெண்ணெ மாரி வருதுன்னு!"

"வர்றேம்மா!" என்றவள் வீட்டுக்குள் போகவில்லை. படியில் ஓடினாள். ஆறாவது மாடியில் அவனைப் பிடித்தாள்.

"நில்லு."

நின்றான். பொத்தானில் தொங்கிய நூலின் இரண்டு முனையையும் சேர்த்து இரண்டாவது முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"நாளைக்கு வா" என்றாள். "மொத இட்லி உனக்கு."

"நெஜமாவே நாளைக்கா? இல்ல... நான் சொன்ன நாளைக்கா?"

"அடி வாங்குவ" என்றாள் அரசி.