சரி என்று சொல்லும் வீடு

நாலு மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விடும்படி வீட்டிடம் சொன்னதாக யாழிசை நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டளைகளை வீடே பதிந்துவைக்கும் குறிப்பேட்டைப் பார்த்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை. இந்த மாதத்தில் இது பதினொன்றாவது முறை. மருத்துவர் மறதிக்கு மாத்திரை எழுதிவிட்டார். அவள் வேலை பார்ப்பது மெட்ரோ ரயில் கட்டுப்பாட்டு அறையில். மறதிக்காரிக்கு அங்கே என்ன வேலை? ராஜினாமாக் கடிதத்தை எழுதி, அம்மாவோடு பார்க்க வந்திருந்த அப்பாவிடம் காரணத்தையும் சொல்லி நீட்டினாள்.

அப்பா நிமலன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்று கோடி வீடுகளின் விளக்கு, கதவு, அடுப்பு அத்தனையையும் நடத்தும் மனைத்தளம் என்ற மென்பொருளின் அடியடுக்கை எழுதியவர். மனைத்தளம் இட்லிப் பானை மாதிரி. மேல் தட்டுகளை ஆளாளுக்கு மாற்றலாம். அடியில் கொதிக்கும் தண்ணீரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

“மாப்பிள்ளை தண்ணி விட வேணாம்னு ஏதாவது சொல்லி வெச்சிருக்காரா?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னு சொல்லியிருக்கார். அதுக்கென்னப்பா?”

 நிமலன், மனைத்தளத்தின் உள்ளே காட்டும் அடுக்குநோக்கியைச் சுவரில் வைத்து, அடுக்கடுக்காக இறங்கினார். கடைசி அடுக்கில் அந்த வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் அவரே எழுதிய குறிப்பு: ‘தற்காலிகம். பிறகு திருத்தவும்.’

நாற்பது வருஷத்துக்கு முன்னால், அம்பத்தூர் வாடகை வீட்டில் சோதனை ஓட்டம். மனைவி ஆதிரைக்குப் புழுக்கம், மின்விசிறியைப் போடு என்றாள். அவருக்குச் சளி, நிறுத்து என்றார். தளம் திணறி நின்றுவிட்டது. விடிந்தால் அதை முதலீட்டாளர்களுக்குக் காட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு வரி எழுதினார்: இரண்டு பேச்சு முட்டினால் முதலில் பெயர் பதிந்தவர் பேச்சு நிற்கட்டும், மற்றவருக்குச் ‘சரி’ என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதையே குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடு.

பால் காய்ச்சும் அன்று எந்த வீட்டிலும் கணவன் பெயரைத்தான் முதலில் பதிவார்கள்.

எத்தனை பெண்கள் இந்த மாத்திரையை விழுங்குகிறார்களோ என்று நினைத்தபோது அவருக்கு நிமிர்ந்து உட்கார முடியவில்லை. இவள் வீட்டில் மட்டும் பெயர்களை முன்பின்னாக மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்கே கூசிப்போனார். காபி கொண்டுவந்த ஆதிரையையும் உட்காரச் சொல்லி, இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்போ நான் சொன்னேன்தானேப்பா?”

“சொன்னம்மா. ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கே.”

யாழிசை கடிதத்தைக் கிழித்தாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

ஆதிரை கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

“எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணுங்க,” என்றாள். “வீடு சரிங்கும், ஒண்ணும் நடக்காது. நீங்களும் அப்படித்தானே? என்ன சொன்னாலும் சரிம்பீங்க, அதோட போச்சு. உங்க கைவேலை, உங்கள மாதிரிதான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

ஆதிரை காபித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. உங்க பேரு கெட்டாலும் பரவாயில்ல.”

“சரி,” என்றார்.

இருவரும் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.