அடைத்த ஓட்டை

படகைக் கரையேற்றி முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. தகரக் கொட்டகைக்குள், மரக்கட்டைகளின் மேல், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் அது நின்றது. அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீர் எப்போதோ காய்ந்து வெள்ளை உப்பாகப் படிந்துவிட்டது. கடல்நீர் உள்ளே வரும் வால்வு இறுக்கி மூடியிருந்தது. அப்படியிருந்தும், எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த தண்ணீர் பம்பின் அடியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

கைராசி அதைப் பார்த்தபடி எஞ்சின் குழிக்குள் குந்தியிருந்தான். அவன் கை பட்டால் செத்த எஞ்சினும் எழுந்து ஓடும் என்று துறைமுகத்தில் பேச்சு; அதனால் வந்த பெயர் அது. அதில் கொஞ்சம் ராசி, நிறைய வாய்ச்சாலம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

துளி விழுந்தது. அதே இடத்தில் இன்னொன்று திரண்டது. விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. பிற்பகல் வெயிலில் தலைக்கு மேல் தகரம் டப் டப்பென்று விரிந்துகொண்டிருந்தது. பழைய டீசலும் மசகும் கலந்த புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் அந்தத் துளி, வெயிலே படாத ஆழத்திலிருந்து வந்த மாதிரி சில்லென்று இருந்தது.

"என்னடா, பாத்தியா?" கீழேயிருந்து அக்காவின் குரல்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்க்கா."

"அவசரமில்ல. ஆனா இன்னிக்குச் சொல்லிடு."

அவள் ஏணிக்கடியில், கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு நாளும் அவன் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தான். இன்று கொட்டகைச் சாவியோடு அவளே வந்து, அவனை முன்னால் ஏறவிட்டு, நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். நடுக்கடலில் எஞ்சின் ஏன் நின்றது? கடல் படகைத் திருப்பிக் கொடுத்தது. மாமாவை, அவள் புருஷனை, கொடுக்கவில்லை. எண்ணெய்கூடப் பார்க்காமல் கிளம்பிய மனுஷன், தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று முதலில் துறைமுகம் பேசியது, பிறகு அவர் கூடப்பிறந்தவர்களே பேசினார்கள்.

"செருப்பைக்கூட ஜோடியா வெச்சுட்டுப் படுக்கிறவருடா அவரு," என்று போன வாரம் அக்கா கேட்டாள். "எண்ணெய் பாக்காமலா போயிருப்பாரு?"

"மறதி யாருக்கும் வரும்க்கா," என்றான் கைராசி. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டான்.

அந்தப் பம்புக்குள், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களாக, இரண்டு சீல். ஒன்று கடல்நீரைத் தடுக்கும், மற்றது எஞ்சின் எண்ணெயைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே, அடியில், தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. முதல் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியே சொட்டும். கோளாறு வந்திருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. மாமாவின் படகில் அது சொட்டத் தொடங்கியபோது, அந்தப் பழைய எஞ்சினுக்கு ஏற்ற சீல் கடையில் இல்லை. நாலு நாள் ஆகும் என்றார்கள். கைராசியோ அதற்குள் நாலு பேர் முன்னால், நாளைக்கு ஓடும் என்று சொல்லித் தொலைத்திருந்தான். பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. கலந்தால் கல்லாக இறுகும் இரண்டு களிம்பைச் சேர்த்துப் பிசைந்து ஓட்டையில் திணித்து, மேலே மசகும் கரியும் பூசி மறைத்தான்.

"நின்னுடுச்சா மாப்ள?"

"நின்னுடுச்சு மாமா."

மாமா குனிந்து பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளே எண்ணெயில்தான் போய்க் கலக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஒரு நடை தாங்கும், திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். அவ்வளவுதான் அவன் நினைத்தது.

டார்ச்சை அடித்து, கைக்கண்ணாடியைப் பம்பின் அடியில் பிடித்தான். அடைப்பு அப்படியே இருந்தது. கல்லாக இறுகியிருந்த அதைத் தாண்டி எப்படியோ துளி வந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனான். பூசிய மசகைக் காணோம். களிம்பின் மேல் அடுத்தடுத்து நாலு கீறல். நாலாவது கீறலின் முடிவில் ஒடிந்த நகத்துண்டு ஒன்று குத்தி நின்றது.

எஞ்சின் நின்றதும் மாமா இங்கே இறங்கியிருக்கிறார். எண்ணெய் பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அடியில் கைவிட்டுத் தடவியிருக்கிறார். கல் மாதிரி இருப்பதில் நகம் பதிய எவ்வளவு நேரம் சுரண்டியிருக்க வேண்டும்? சாகும்போது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் கை என்பதும் தெரிந்திருக்கிறது.

இதை இங்கே விட்டுவைக்கக் கூடாது. அவசர அவசரமாக நாலு போல்ட்டைக் கழற்றினான். இரண்டு ரப்பர் குழாய்களை உருவினான். உள்ளேயிருந்து தூசிதான் உதிர்ந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் அந்தப் பித்தளைப் பம்பை எஞ்சினிலிருந்து பிரித்து, மேல் திறப்பின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். இப்போது அது எதோடும் ஒட்டியிருக்கவில்லை.

சொட்டியது.

அவன் முழங்காலில் விழுந்தது. மறுபடியும். சில்லென்று.

"கழட்டிட்டியா?" வாளி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அவரு மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, அது போதும். தப்பு இருந்தாலும் சொல்லு, தாங்கிக்கிறேன். தெரியாமத்தான் என்னால இருக்க முடியல."

வார்த்தை அவன் தொண்டைவரை வந்தது. நாக்கில் ஏறி உட்கார்ந்தது. சொன்னால் அக்கா இல்லை. கைராசி என்ற பெயரும் இல்லை.

"எண்ணெய்தான்க்கா," என்றான். "மாமா பாக்காம விட்டுட்டாரு."

கீழே அக்கா மறுபடி வாளியில் உட்காரும் சத்தம் கேட்டது. "சரி," என்றாள் பிறகு. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை.

துளி நூலானது. நூல் விரல் பருமன் ஆனது. கையகலப் பம்பிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. மடி நனைந்து, தொடை விறைத்து, காய்ந்த உப்பெல்லாம் கரைந்து, குழிக்குள் கணுக்கால்வரை ஏறியது. பாசியும் இரும்பும் நாறின. பலகை இடுக்கில் ஒழுகிக் கீழே விழுந்தால் அக்கா பார்த்துவிடுவாள். அவனுக்கு அந்த ஒரு நினைப்புதான். கருவிப் பெட்டியைக் கவிழ்த்தான். பாதி மீந்த களிம்பு கிடைத்தது. பிசைந்தான். நகத்தோடு சேர்த்து, கீறலோடு சேர்த்து, கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்தியபடியே இருந்தான்.

நின்றது.

தகரச் சத்தம்கூட இல்லை. பிறகு கட்டைவிரலுக்கு அடியில், களிம்பின் மறுபக்கத்தில், ஏதோ சுரண்டியது. ஒருமுறை. இன்னொருமுறை. அவன் விரலை எடுக்கவில்லை. சுரண்டலும் நின்றது.

மூச்சு விட்டான். தொண்டையில் உப்புக் கரித்தது.

விழுங்கினான். மறுபடி ஊறியது.

ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. திறப்பில் அக்காவின் முகம் தெரிந்தது. அழுது முடித்த முகம். "ஏன்டா ஒரு மாதிரி இருக்க? இங்க வா. என்னைப் பாத்து இன்னொரு தடவை சொல்லு."

அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் உடைந்துபோனான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். எல்லாவற்றையும். நான்தான் அடைத்தேன் என்று. வாயைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது.

சில்லென்று. மோவாயில் வழிந்து மார்பில் இறங்கியது. வார்த்தை வரவில்லை. மூடினான். மூக்கில் வந்தது. பம்பை நழுவவிட்டு, இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் சேர்த்து அடைத்தான். களிம்பு காயாத அதே விரல்களால்.

அக்கா குழிக்குள் இறங்கி அவன் மணிக்கட்டுகளைப் பிடித்தாள். "கையை எடு. சொல்லுடா தம்பி."

அவன் தலையை ஆட்டினான். கண்ணில் உப்பு எரிந்தது. இறுகக் கடித்த பற்களுக்குப் பின்னால், உள்ளிருந்து, ஒடிந்த நகம் ஒன்று பொறுமையாகச் சுரண்டத் தொடங்கியது.