அவிழாத கட்டு

கொழுந்தன் டோர்வால்டும் நானும் படகில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் பனிமூட்டத்தில் கரை தெரியவில்லை. எங்கும் அழுகிய மீன் வாடை.

போன இலையுதிர் காலத்தில் இங்கேதான் நண்டுக்கூண்டின் கயிறு காலில் சுற்றி என் கணவர் ஹால்வரைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. புதைக்க ஓர் எலும்பாவது கிடைக்காதா என்றுதான் கொக்கியோடு வந்திருந்தோம்.

எங்கள் அலாஸ்காக் கரையில் நண்டுக்கூண்டின் கதவைப் பருத்திநூலால்தான் கட்டுவார்கள். கூண்டு தொலைந்தாலும் நூல் மக்கி, கதவு திறந்து, நண்டு தப்பிவிடும். நூல் மக்க மக்க மாற்றிக் கட்ட ஹால்வருக்குப் பொறுமை கிடையாது. மக்காத நைலானில் கட்டினார். அப்படிக் கட்டிய கூண்டு தொலைந்தால் உள்ளே போன நண்டு பட்டினியில் சாகும். செத்தது அடுத்ததற்கு இரை. அதைத் தின்ன வரும் நண்டும் மாட்டிக்கொண்டு சாகும். இப்படியே போகும்.

கொக்கி எதிலோ மாட்டியது. டோர்வால்ட் இழுக்கத் தொடங்கினான். பாதியில் கை நின்றுவிட்டது.

"அண்ணி, அண்ணன் கூப்பிடுறான்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் கெஞ்சினேன். எலும்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், திரும்பிப் போகலாம் என்று அழுதேன். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம் அண்ணி. தனியா இருக்கான்."

படகு விளிம்பில் காலை வைத்தான். சட்டையைப் பிடித்தேன்.

மழைச்சட்டை மட்டும் என் கையில் இருந்தது.

குமிழி கூட வரவில்லை.

எப்படிக் கரை சேர்ந்தேனோ தெரியாது. அவன் மனைவி ராக்னாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டாள். பிறகு எழுந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

தொலைந்த கூண்டில் நடப்பதேதான். கடல் ஹால்வரை வைத்துத் தம்பியைப் பிடித்தது. இப்போது தம்பியை வைத்து இவளை.

கதவைத் தாழிட்டு அவளை இறுகக் கட்டிக்கொண்டேன். இவளையாவது விட்டுவிடு என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்றே தெரியாமல் கேட்டேன். அவள் திமிறவில்லை. மதியம் வரை அப்படியே கிடந்தோம். மெல்ல மெல்ல அவள் உடம்பு தளர்ந்தது. பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இனிமே கடலுக்குப் போக வேணாம்கா," என்றாள்.

"ஏண்டி?"

"அவரே வந்துட்டாரு. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு."

கதவுக்கு வெளியே, மரப்படியில், நிறையக் கால்கள் ஊரும் சத்தம் கேட்டது.

பிறகு ஹால்வர் என் பெயரைச் சொன்னார்.