திருப்பிப் போட்ட பலகை

மற்ற சுவர்ப் பலகைகளில் எல்லாம் பன்னிரண்டு சின்ன ஆணிகள். பின்பக்கப் படுக்கையை ஒட்டியிருந்த அந்த ஒன்றில் மட்டும் அறுபத்து மூன்று திருகாணிகள். நடீன் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, எந்த முட்டாள் செய்த வேலை இது என்று வாய்விட்டே திட்டினாள். நான்கு ஓரங்களிலும் நடுவிலும் குறுக்கிலும், விரற்கடை இடம்கூட விடாமல், கையில் கிடைத்ததையெல்லாம் முறுக்கி ஏற்றியிருந்தார்கள். சில துருப்பிடித்தவை, சில பளபளப்பானவை, ஒரே நாளில் ஏற்றியவை அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது. போதாக்குறைக்கு மேலே பெயின்ட் வேறு. வெள்ளை, அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் இளஞ்சிவப்பு. டிரெய்லரின் மற்ற சுவர்களில் ஒரு சொட்டுப் பெயின்ட் கிடையாது.

1956-இல் செய்த பதினாறடி டிரெய்லர் அது, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு. ஹார்லன் பிக்ஸ் என்ற பால்பண்ணைக்காரரிடமிருந்து வாங்கி, இப்போது மாடுகள் இல்லாத அவருடைய கொட்டகையிலேயே நிறுத்தி நடீன் அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிகன் கடற்கரையில் அக்டோபர் மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; ஒன்பது நாளாகத் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று திங்கள். வியாழன் மாலை நான்கு மணிக்கு நீதிமன்றத்திலிருந்து அதிகாரி ஒருத்தி வந்து பார்ப்பாள். ஏழு வயது மகள் டெல்லாவுக்கு ஒழுகாத கூரையும் தனியாக ஒரு படுக்கையும் இருந்தால் குழந்தை வாரத்தில் பாதி நாள் நடீனிடம் இருக்கும். இல்லையென்றால், பிரிந்துபோன கணவன் ராய்ஸ் மகளை ஐடஹோ மாநிலத்துக்குக் கூட்டிப் போய்விடுவான். போனால் போனதுதான் என்று நடீனுக்குத் தெரியும்.

திருகாணிகளைக் கழற்ற மதியம் முழுக்கப் பிடித்தது. கடைசி ஆணி வந்ததும் பலகை தானாகவே அரை அங்குலம் முன்னால் வந்து அவள் உள்ளங்கையில் சாய்ந்தது.

பழைய டிரெய்லர்களின் சுவருக்குள் என்ன இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. எலிக்கூடு, குளவிக்கூடு, குளிருக்கு அடைத்து உதிர்ந்துபோன கண்ணாடிப் பஞ்சு. வெளித் தகரத்துக்கும் உள் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் கனம்தான் இடம். அதிலும் எலி குடித்தனம் நடத்தும். மற்ற எல்லாச் சுவர்களிலும் வாளி வாளியாக எலிக்கூடுகளை அள்ளிப் போட்டவள் அவள். இந்தச் சுவரில் ஒன்றுகூட இல்லை. ஒரு புழுக்கைகூட இல்லை. கண்ணாடிப் பஞ்சு மட்டும், மாடு படுத்து எழுந்த புல்லைப் போல, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு அமுங்கிக் கிடந்தது. மழையில் நனைந்த மரத்தின் வாடையை அவள் எதிர்பார்த்தாள். வந்தது வேறு வாடை, நெடுநாள் அலசாத தலைமுடியின் வாடை.

ஆனால் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கறையில்லை, பெயின்ட் இல்லை. அறுபத்தேழு வருஷம் வெளிச்சமே படாத பிர்ச் மரம், தொட்டால் வழுக்கியது.

இந்த வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முகம் கெட்ட பலகையை எறியமாட்டார்கள், திருப்பிப் போடுவார்கள். சுவரைப் பார்த்த பக்கம் அறையைப் பார்க்கும், அறையைப் பார்த்த பக்கம் சுவருக்குள் போய்விடும். அதே மரம், அதே வயது. புதுப் பலகை வாங்கினால் இந்த நிறம் வரவே வராது. அதோடு போர்ட்லாண்டிலிருந்து புதுப் பலகை வரப் பத்து நாள் ஆகும். படுக்கைப் பலகையில் ஜன்னல் இல்லை, இரு பக்கமும் ஒரே அளவு. நடீன் திருகு ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாள், புதுப் பஞ்சு வைத்தாள், பலகையைத் திருப்பிப் பொருத்திப் பன்னிரண்டு சின்ன ஆணிகள் அடித்தாள். இவ்வளவு வழுவழுப்பாக உள்ளேயிருந்து எது தேய்த்திருக்கும் என்ற கேள்வி கடைசி ஆணியை அடிக்கும்போதுதான் வந்தது. அடித்து முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பூச்சு. அரக்குச் செதிலைச் சாராயத்தில் கரைத்து, அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அரை மணியில் காய்ந்துவிடும். காய்ந்து பார்த்தபோது தலையணை உயரத்தில் ஒரு கறை எழுந்திருந்தது. எண்ணெய்க் கறை. படுக்கையோரப் பலகைகளில் வருவதுதான்; வருஷக்கணக்கில் தலை வைத்துப் படுத்தவர்களின் முடியெண்ணெய் மரத்தில் ஊறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றது. இந்தப் பக்கத்தில் யாரும் தலை வைத்துப் படுத்ததே இல்லையே.

இரண்டாவது பூச்சு எந்தக் கறையையும் அமுக்கிவிடும். அரக்கின் குணமே அதுதான். இதை அமுக்கவில்லை, எழுப்பிவிட்டது. வட்டமாக ஒரு நெற்றி. அதற்குக் கீழே மூக்கின் நுனி. இரு பக்கமும் விரித்த உள்ளங்கைகள். கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்து உள்ளே எட்டிப் பார்ப்பார்களே, அப்படி. விரல்களை எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணினாள். ஐந்துதான். நீளம்தான் சரியில்லை.

புதன் காலையில் ஹார்லன் வந்தார். குடையில்லாமல், சேற்று பூட்ஸுடன், டிரெய்லர் வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றார்.

"அந்தப் பலகையத் திருப்பிட்டியா?"

"ஆமா. பின்பக்கம் புதுசாட்டம் இருந்துச்சு."

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"வண்டிய எனக்கு வித்துட்டீங்க ஹார்லன். ஒவ்வொரு ஆணிக்கும் உங்க வாசல்ல வந்து நிக்கணுமா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல." அவர் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்தார். "எங்கப்பன் வருஷா வருஷம் அதுல நாலு ஸ்குரூ ஏத்துவான். எதுக்குன்னு ஒரு நாள் கேட்டேன். பெல்ட்டக் கழட்டினான். அதுக்கப்புறம் கேக்கல."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாங்கியிருப்பியா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "உள்ள வந்து பாருங்க. வெறும் கறை."

"எனக்கென்ன பைத்தியமா. அந்தக் கோர்ட்டுக்காரி வந்துட்டுப் போனதும் வண்டிய இழுத்துட்டுப் போயிரு. என் நெலத்துல இருக்கக் கூடாது."

அவர் போன பிறகு, அவர்மேல் இருந்த ஆத்திரத்திலேயே மூன்றாவது பூச்சை அடித்தாள். அரை மணி கழித்துப் பார்த்தபோது கறை இல்லை. நெற்றி, மூக்கு, கைகள், எதுவும் இல்லை. பலகை முழுக்கச் சுத்தமான தேன் நிறம். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கறை மங்கியிருந்தால் சரி. இது மங்கவில்லை. அங்கிருந்து எழுந்து போன மாதிரி இருந்தது.

அடுப்பு மேடையின் அடி அலமாரியைப் பொருத்துவதற்காக முன்பக்கம் மண்டியிட்டாள். தரை நடுவில் ரசமட்டம் கிடந்தது. முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தாலும் பழைய வில்பட்டை வண்டி; உள்ளே ஆள் நடந்தால் லேசாக ஆடும், ரசமட்டத்தின் குமிழியும் உயர்ந்த பக்கமாக ஓடும். அவள் நடக்கவில்லை. அசையக்கூட இல்லை. குமிழி அவளை நோக்கி நகர்ந்தது. பின்பக்கம் தாழ்கிறது.

படுக்கைப் பக்கம் யாரோ இறங்கி நிற்கும் எடை.

கூரையில் மழை. அந்த முடி வாடை. குமிழி மெதுவாக நடுவுக்குத் திரும்பியது. அந்த எடை நடுவுக்கு வருகிறது. நடுவில் ஒன்றுமில்லை. தரை. ஈரத் துணி. மரத்தூள். குமிழி நடுவைத் தாண்டியது.

அவள் ஓடினாள்.

அன்றிரவு பிக்கப் வண்டியின் முன்சீட்டில் படுத்தாள். போய்விடலாம். எங்கே போவது? நாளைக்கு நாலு மணி. அவளுக்கு அந்த டிரெய்லரைவிட ஐடஹோவை நினைத்துத்தான் அதிக பயமாக இருந்தது. இதை அவள் பிறகு ஆயிரம் முறை தனக்குள் சொல்லிக்கொள்ளப் போகிறாள்.

வியாழக்கிழமை மழை விட்டது. வெயிலில் டிரெய்லரின் உட்பக்கம் முழுக்கத் தங்கமாக மின்னியது. ஒரு மணி நேரம் ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள், குமிழி அசையவில்லை. வாடை இல்லை, கறை இல்லை. தூக்கம் கெட்டால் மனுஷிக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுக்கையில் மஞ்சள் போர்வையை விரித்தாள்.

மூன்றரைக்கு ராய்ஸ் டெல்லாவை இறக்கிவிட்டான். "தகர டப்பாவுல பிள்ளைய வளக்கப் போற. நல்லாருக்கு," என்றான். "வாசலோட கெளம்பு. அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போ," என்றாள் நடீன்.

டெல்லா வழியெல்லாம் சாப்பிட்ட திராட்சை மிட்டாயில் நாக்கும் விரல்நுனியும் ஊதாவாக, வாய் ஓயாமல் பேசினாள். சைக்கிளில் விழுந்து உடைத்துக்கொண்ட இடப்பக்கத்து முன்பல்லைக் காட்டினாள். எந்தப் பல் தேவதையும் பாதிப் பல்லுக்குக் காசு தராதாம்.

"இது எம் படுக்கையா?"

"ஆமாடா. ஆனா இப்ப வேணாம். இங்க மேசைகிட்ட உக்காரு."

"ஏன்?"

"பாலிஷ் இன்னும் காயல."

வெளியே சரளைக்கல்லில் கார் வரும் சத்தம் கேட்டது. நடீன் இறங்கிப் போனாள். அதிகாரியின் பெயர் ஆல்வுட். கை கொடுக்கவில்லை, கொட்டகையையும் சேற்றையும் நடீனின் நகங்களையும் வரிசையாகப் பார்த்தாள். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகிறது, தீயணைப்பான் உண்டா. நடீன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று நிமிஷம் இருக்கும். முதுகுக்குப் பின்னால் டிரெய்லர் ஒரு முறை முனகி, அடங்கியது.

உள்ளே டெல்லா படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். முதுகைப் பலகையில் ஒட்டி, முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் வைத்து. பேசவில்லை.

"அழகா இருக்கே," என்றாள் ஆல்வுட், சுவரைப் பார்த்து. ஆனால் அவள் முகத்தில் ரசித்த அடையாளம் இல்லை. "ஏதோ வாடை அடிக்குதே?"

"அரக்கு மேடம்."

"பாப்பா, உனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு," என்றது குழந்தை. சிரித்தது.

உடைந்த பல் வலப்பக்கம் இருந்தது.

நடீன் அந்த முகத்தை மறுபடி பார்த்தாள். இடப்பக்கம் எடுத்திருந்த வகிடு. வலப்பக்கம். கன்னத்து மச்சம். அதுவும் பக்கம் மாறி. எல்லாம் இருந்தது. எல்லாம் திருப்பிப் போட்டிருந்தது.

பலகைக்குள் சுரண்டும் சத்தம். மெல்லிய நகம்.

ஆல்வுட் நிமிர்ந்தாள். "எலி இருக்கா? எலி இருந்தா நான் எழுத வேண்டியிருக்கும்."

"இல்ல மேடம்." நடீனின் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "மரம். வெயில் பட்டா அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் சத்தத்துக்குள் ஒரு குரலும் இருப்பது அவளுக்குக் கேட்டது. பஞ்சுக்குள் அழுந்திய குரல். அம்மா.

ஆல்வுட் முன்பக்க மேசைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாள்களை விரித்தாள். "எதிர்பார்த்தத விட நல்லாவே இருக்கு. தேதி இன்னிக்கு இருபத்தாறா?"

பலகை பெயர்க்கும் தகட்டு நெம்புகோல் நடீனின் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. பலகையின் ஓரம். குழந்தையின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி. தகட்டைச் செருகினாள். அழுத்தினாள். ஓர் ஆணி கழன்றது.

இரண்டாவது.

"அம்மா, வேணாம்," என்றது குழந்தை, ரகசியமாக. "அந்த மேடம் காதுல விழுந்தா ஐடஹோதான்."

விரிசல் அரை அங்குலம் திறந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு சின்ன விரல் வெளியே வந்தது. நுனியில் திராட்சை மிட்டாயின் ஊதா. வளைந்தது. பலகையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது.

முன்பக்கம் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடீனைப் பார்த்துச் சிரித்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய், தளர்ந்த ஆணியை அமுக்குவது போல, கட்டைவிரலால் அந்த விரலை மெதுவாக உள்ளே தள்ளியது.