குட்டி கியர்

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் அம்மா விலங்கு மருத்துவர். அவருடைய மருத்துவமனை ஒரு பெரிய பேருந்துக்குள் இருந்தது. சில மாதம் ஓர் ஊரில் நிற்கும். பிறகு அடுத்த ஊர். பேருந்து நுழையாத சந்துகளுக்கும் மலைப்பாதைகளுக்கும் போக, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் ஒரு பிக்கப் வண்டி இருந்தது.

வண்டி இரண்டு, ஓட்டுநர் ஒருவர். அதனால் இந்த முறை பிக்கப்பைப் பேருந்தின் பின்னால் மாட்டி, சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப்போவது என்று முடிவாயிற்று. அடுத்த ஊர் மலையில் காய்ச்சல் கண்ட மாடுகள் காத்திருந்தன.

பிக்கப்பைத் தயார்செய்யும் வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி, இந்த ஊரிலேயே பேக்கரி வைத்திருப்பவர். எல்லா வேலையும் தெரியும் என்பார். பாதி தெரியும். மீதியை யாராவது சுட்டிக்காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். போன மாதம் குழாயைத் தலைகீழாக மாட்டிவிட்டு, அதைச் சொன்ன அம்மாவுடன் நான்கு நாள் பேசவில்லை.

வண்டியின் கையேடு அந்தச் சிறுமியிடம் இருந்தது. ஓயாமல் ஏன் என்று கேட்பதால் மாமா அவளுக்கு வைத்த பெயர் ஏனம்மா.

பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கியர் இருந்தது. அதை நியூட்ரலில் போட்டால்தான் சக்கரங்கள் தனியாக உருளும். போடாவிட்டால் வழியெல்லாம் கியர்பாக்ஸும் சேர்ந்து சுழன்று, சூடேறிக் கெட்டுவிடும் என்றது கையேடு.

மாமா குட்டி கியரைத் தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்றார். நியூட்ரலில் விழுந்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லையே என்றாள் ஏனம்மா. பல்பு போயிருக்கும் என்றார் மாமா.

அம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். குழாய் நினைவுக்கு வந்தது. இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள்.

“மாமா, இதுல ஒரு சோதனை போட்டிருக்கு. எனக்குச் சரியா புரியல. செஞ்சு காட்டுறீங்களா?”

மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது. அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி பெரிய கியரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

“இப்ப பிரேக்க விட்டாலும் வண்டி அசையாது. பாத்துக்கோ.”

காலை எடுத்தார். வண்டி சாவகாசமாக நகர்ந்து முன்னால் இருந்த வாளியைக் கவிழ்த்தது. மாமா அவசரமாகப் பிரேக்கை மிதித்தார்.

ஏனம்மா சிரிக்கவில்லை. கையேட்டைப் பார்த்தே பேசினாள்.

“குட்டி கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்குமாம் மாமா. கடைசி வரைக்கும் தள்ளணுமாம்.”

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். ‘டக்’கென்று விழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி சோதித்தார்கள். இம்முறை வண்டி கல்லாக நின்றது. அதன்பிறகு பெரிய கியரைப் பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி வைத்து, கைப்பிரேக்கைப் போட்டார்கள்.

பின்விளக்குக்கான ஒயரோடு வந்த அம்மா, வாளி ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்டார்.

மாமா பிடரியைச் சொறிந்தார். “நான் தப்பா போட்டிருந்தேன்க்கா. ஏனம்மாதான் சோதிக்க வெச்சா.”

அம்மா தம்பியின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

பிறகு மூவரும் இழுவைத் தண்டை மாட்டினார்கள். இரண்டு பக்கமும் சங்கிலி போட்டு, கைப்பிரேக்கை விடுவித்தார்கள். மாமா நின்று கையசைக்க, பேருந்து கிளம்பியது.

மாலையில் புது ஊரில் இறங்கியதும் அம்மா பிக்கப்பின் அடியில் கையை நீட்டி கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. ஏனம்மா உடனே மாமாவுக்குப் போன் செய்தாள்.

“நாம பாஸாயிட்டோம், மாமா.”